ஹிஸ்கே விரித்த கம்பளம்

என் அண்ணி ஹிஸ்கேயைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை எங்கள் ஆல்வியர் ஊர் பார்த்ததில்லை. வைக்கோல் போரில் சூடு ஏறிவிட்டதோ என்று நாளுக்கு நாலு தடவை கைவிட்டுப் பார்ப்பாள். இடி இடித்தால் மாடிப்படிக்கு அடியில் போய் உட்காருவாள். கடைக்குப் போகிற வழியில் பாதியில் திரும்பி வந்து கதவுப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். உள்ளே அவள் புருஷன், அதாவது என் அண்ணன் சிப்கே, காப்பி குடித்துக்கொண்டிருப்பான். "நான் இருக்கும்போது பூட்டு எதுக்கு? போயிட்டு வா" என்பான். அவள் அதற்கும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

பள்ளியில் நானும் அவளும் ஒரே பெஞ்சு. அதனால் அண்ணி என்று நான் கூப்பிடுவது கோபம் வரும்போது மட்டும்தான். அவளுக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் நின்றேன். ஏழு வயதில் உறைந்த கால்வாயில், பாலத்தடியில் சறுக்கிக்கொண்டிருந்தோம். பாலத்துக்கு அடியில் பனி எப்போதும் மெலிசாக இருக்கும். அவள் காலடியில் அது உடைந்தது. அவளுடைய அப்பா பனிமேல் குப்புறப் படுத்து, கழுத்துத் துண்டைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். அன்றைக்குக் காலிலிருந்து கழற்றிய சறுக்குக் கத்திகளை அவள் மறுபடி மாட்டவே இல்லை.

நடக்கும்போதே சறுக்கவும் கற்றுக்கொடுக்கிற ஊர் எங்களுடையது. கால்வாய் உறைந்துவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு, பால் பண்ணைக்குப் பாதி ஆள், பாதிரியார்கூடப் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார். அப்படிப்பட்ட ஊரில் பனியில் கால் வைக்காத பெண் கட்டிக்கொண்டது யாரை? ஊரின் பனி மணியக்காரனை. உறைந்த கால்வாயில் துளை போட்டு, கனம் பார்த்து, "இறங்கலாம்", "இறங்கக் கூடாது" என்று சொல்கிற வேலை சிப்கேயுடையது. சம்பளம் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. "போயும் போயும் அவனையா?" என்று கல்யாணத்தன்று கேட்டேன்.

"வீட்டுல பனியைத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தா நல்லதுதானே, யிக்கே" என்றாள். அவளுக்கு அது காதல்தான்.

பிறகு பனி வராத வருஷங்கள் வந்தன. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று ஆரம்பித்து, சறுக்குச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேச ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. துளை போடும் கருவியைச் சிப்கே வருஷா வருஷம் எண்ணெய் போட்டுத் துடைத்துத் திரும்ப மாட்டுவான். சங்கத் தலைவர் ஃபோல்கர்ட் ஒரு கூட்டத்தில் எழுந்து, "உலகமே சூடாகுது, நாம இங்க உட்கார்ந்து பட்டாணி சூப் குடிச்சிட்டிருக்கோம். ஏதாவது செய்யணும்யா" என்றார். அப்படித்தான் சறுக்குச் சங்கத்தின் வயிற்றில் காற்றாலைக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பனி திரும்பி வர வேண்டும் என்பதற்காக ஒரு காற்றாலை. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

பொருளாளராக ஹிஸ்கேயைப் போட்டோம். பயந்தவள் கையில் பணம் பத்திரமாக இருக்கும் என்பது ஊரின் நம்பிக்கை.

காற்றுக்கு எங்களிடம் பஞ்சமில்லை. இடத்துக்குத்தான் பஞ்சம். கடலிடமிருந்து பிடுங்கிய மண்ணில்கூட எவனாவது ஏற்கெனவே வேலி போட்டு வைத்திருப்பான். வீட்டிலிருந்து இவ்வளவு தள்ளி, சாலையிலிருந்து இவ்வளவு தள்ளி, ரயில் பாதை, எரிவாயுக் குழாய், முட்டையிடும் பறவைகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தூரம். ஹிஸ்கே பள்ளிக்கூடத்துக் கவராயத்தை எடுத்துவந்து, ஊர் வரைபடத்தை என் சாப்பாட்டு மேசையில் விரித்து, ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டாள். சட்டம் கேட்ட தூரத்துக்கு மேலேயே கொஞ்சம் கூட்டிப் போட்டாள். "கிழவர் வீப்பே தூக்கம் வராதவர், அவருக்கு இன்னும் கொஞ்சம்" என்பாள். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஊரையே மூடிவிட்டன. கடைசியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இடம் வெள்ளையாக மிஞ்சியது. கால்வாயை ஒட்டிய தாழ்ந்த புல்வெளியின் ஓரம், அதுவும் ஹிஸ்கே, சிப்கேயின் நிலமே.

ஒரு காற்றாலைக்குமேல் அங்கே நிற்காது. ஒன்று மட்டும் நின்றால் கணக்கு இழுபறி. பத்துக் காற்றாலைக்கு ஒரு சாலை, ஒரு மின்வடம், ஒரு காவல் என்றால் செலவு பங்காகும். ஒன்றுக்கும் அதே சாலை, அதே மின்வடம், அதே காவல்தான். இன்னும் உயரமாகக் கட்டினால் காற்று அதிகம், ஆனால் உயரத்துக்கும் ஒரு வட்டம் இருந்தது. பார்க்க வந்த ஆலோசகர், "இது லாபமில்லீங்க, மூச்சு விடுற அளவுக்கு நிக்கும். மேற்கொண்டு ஒரு சுமை ஏத்தினாலும் படுத்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹிஸ்கே உட்கார்ந்து சுமைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். கடைசியாக மிஞ்சியது, இறக்கையில் பனி படிந்தால் சூடாக்கிக் கரைக்கிற ஏற்பாடு. அது நல்ல விலை.

"இறக்கையிலேர்ந்து பனிக்கட்டி விழுந்தா யார் தலையில விழும்? வீடு இல்ல, ரோடு இல்ல. அடியில தண்ணிதானே?" என்றார் ஃபோல்கர்ட்.

"வாத்துக்குத்தான் ஆபத்து" என்று நான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். ஹிஸ்கேயும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்தாள்.

வைக்கோலுக்கும் இடிக்கும் பூட்டுக்கும் பயந்தவள், தண்ணீரைச் சுற்றி மட்டும் வட்டம் போடவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தண்ணீரில் யார் நிற்பார்கள்? எங்கள் ஊரில் எல்லாரும்தான் நிற்பார்கள், ஆனால் அது ஒருவருக்கும் அந்த மேசையில் ஞாபகம் வரவில்லை. பனி வரவேண்டும் என்றே கூடிய கூட்டம், பனி வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

காற்றாலை நின்றது, சுற்றியது. மூச்சு விடும் அளவுக்கு விட்டது. பிறகு ஒரு தை மாதத்தில் கிழக்கிலிருந்து குளிர் வந்தது.

ஒரு வாரம் நாய்கூட வெளியே போகாத குளிர். காற்று செத்துவிட்டது, காற்றாலை அசையாமல் நின்றது. சிப்கே விடியும் முன்பே சமையலறை ஜன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானியைச் சுண்டிச் சுண்டி, "இறங்கு, இறங்கு கண்ணு" என்று கொஞ்சுவான். கால்வாயில் துளை போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "லாரி ஓட்டலாம்!" என்று கத்தினான். சனிக்கிழமை ஊர்ச் சறுக்கு என்று தேவாலய வாசலில் பலகை வைத்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வரும். பாதை வழக்கமான பாதை. ஊரிலிருந்து கால்வாய் வழியாக, அண்ணன் புல்வெளியை ஒட்டி, ஏரிவரை.

வெள்ளிக்கிழமை மாலை ஹிஸ்கே என் வீட்டுக்கு ஓடிவந்தாள். செருப்பை மாற்றாமல், மாட்டுக் கொட்டகை ரப்பர் பூட்ஸோடு. அவள் என் தரையில் அப்படி ஏறியது அதற்கு முன்பு கிடையாது.

"யிக்கே, வந்து பாரு."

வாரம் முழுக்க மூடுபனி. ஈரமான மூடுபனி குளிரில் இறக்கைகளில் படிந்து படிந்து உறைந்திருந்தது. மூன்று இறக்கைகளும் பருத்து வெள்ளையாக நின்றன. ஒன்று நேர் கீழே, கால்வாயின் நடுவுக்கு மேலே தொங்கியது. அடியில் பனி கண்ணாடி மாதிரி கிடந்தது.

"அது விழுந்தா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. வாத்து ஜோக் ஞாபகம் வந்தது.

காற்றாலையைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனிக்கு அவள் என் போனிலிருந்தே பேசினாள். "சுத்தாம நிறுத்தி வைக்கிறோம் மேடம். ஆனா நின்னாலும் வெயில் பட்டா கழண்டு விழத்தான் செய்யும். அதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. அடியில யாரும் நிக்காம பாத்துக்கங்க" என்றான் போனை எடுத்த பையன். "எங்க வரைபடத்துல அங்க தண்ணின்னுதானே போட்டிருக்கு?"

ஹிஸ்கே போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான் அடிச்சேன் அந்த வரியை" என்றாள்.

அண்ணனிடம் சொன்னோம். அவன் சறுக்குக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"பாதையை மாத்து, சிப்கே" என்றாள்.

"எங்க மாத்த? அந்தப் பக்கத்து வாய்க்கால் பாலத்தடியில போகுது. அங்க பனி மெலிசு. உனக்குத் தெரியாதா?"

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று பட்டது. இருந்தாலும் விடவில்லை. "அப்ப நிறுத்து."

"நிறுத்தறதா? எத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கு! இவ்வளவு நாள் காலுக்குக் கீழ இருக்கற பனிக்குப் பயந்த. இப்ப தலைக்கு மேல இருக்கறதுக்கும் ஆரம்பிச்சிட்டியா? ஃபோல்கர்ட்கிட்ட போய்ச் சொல்லிப் பாரு, சிரிப்பான்."

ஃபோல்கர்டிடமும் போனோம். சிரித்தார். "ஹிஸ்கே, உன் பயத்தைப் பாத்து ஊர்ச் சறுக்கை நிறுத்தினா நம்மளை ஏரியில தள்ளிடுவாங்க" என்றார். ஒருத்தி வாழ்நாள் முழுக்கப் பயந்தால் அவள் பயத்துக்கு மதிப்பு போய்விடுகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அவருடைய மீசையைப் பிடித்து இழுத்திருப்பேன்.

சனிக்கிழமை காலை சிப்கே ஊருக்குள் கிளம்பிப் போனதும் ஹிஸ்கே என் கதவைத் தட்டினாள்.

"உங்க ஹால் கம்பளத்தைக் குடு."

"எதுக்கு?"

"கேக்காத, யிக்கே. சுருட்டு."

சுருட்டும்போதே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் சறுக்குப் பாதையில் பனி சரியில்லாத இடம் வந்தால் கரையில் கம்பளம் விரித்து வைப்பார்கள். சறுக்குபவர்கள் கத்தியோடேயே கரையேறி, கம்பளத்தின்மேல் தத்தித் தத்தி நடந்து, நல்ல பனி வரும் இடத்தில் மறுபடி இறங்குவார்கள். கம்பளத்தைக் கண்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. ராஜாவே வந்தாலும் ஏறி நடப்பார். எங்கள் ஊரில் யாரும் பொய்க் கம்பளம் விரித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வைக்கோல் வண்டியில் ஏற்றினோம். நாணல் கரையில் ஆரம்பித்து, புல்வெளியைச் சுற்றி, காற்றாலையிலிருந்து நன்றாக விலகி, அந்தப் பக்கம் கால்வாயில் இறங்குகிற வரைக்கும் விரிக்க வேண்டும். என் கம்பளமும் அவள் கம்பளமும் அதில் பாதிகூட வரவில்லை. குதிரைப் போர்வை, ஜன்னல் திரை, குளியலறை விரிப்பு, பசுக்கள் படுக்கும் ரப்பர் பாய் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டோம். எல்லாவற்றுக்கும் முதலில், கரையேறும் இடத்தில், அவள் ஹால் கம்பளம். சிவப்பு நிறம். ஒரு மூலையில் சிப்கேயின் சுருட்டு பொசுக்கிய ஓட்டை. நேரே போகாதபடி பாதைக்குக் குறுக்கே இரண்டு நாணல் கட்டுகளையும் போட்டோம்.

மூடுபனி விலகி வெயில் வந்தது. எங்கள் ஊரில் வெயில் வந்தால் எல்லாரும் முகத்தைத் தூக்கிக் காட்டுவோம். அன்றைக்கு ஹிஸ்கே வெயிலைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் இறக்கை நுனியிலிருந்து சொட்ட ஆரம்பித்தது. பனிமேல் டொக், டொக் என்று விழும் சத்தம் நாங்கள் நின்ற இடம்வரை கேட்டது.

கூட்டம் வந்தது. கம்பளத்தைப் பார்த்தார்கள், ஏறினார்கள், நடந்தார்கள்.

"என்ன ஹிஸ்கே, பாத்ரூம் மேட்டு மேலெல்லாம் நடக்க விடற! காசு வாங்கலாமே!"

"இங்க பனி அவ்வளவு மோசமா? சிப்கே லாரி ஓட்டலாம்னானே?"

ஹிஸ்கே பொய் சொல்லவில்லை. "கம்பளம் போட்டிருக்கு, ஏறி வாங்க" என்றாள், வந்த அத்தனை பேரிடமும் அதே வார்த்தை. மணியக்காரன் சொல்லித்தான் போட்டிருக்கிறது என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். மாலைக்குள் எல்லாரும் போய்விடுவார்கள், அப்புறம் எது வேண்டுமானாலும் விழட்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

பனி மணியக்காரன் கடைசிக் கூட்டத்தோடு வருவது வழக்கம். கடைசிக் கூட்டம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சிப்கே முன்னால் வந்தான், பின்னால் வாத்துக் கூட்டமாகப் பிள்ளைகள். கரையேறும் இடத்துக்கு வந்தவன் கம்பளத்தைப் பார்த்தான். ஊரே அதை ஒரு கம்பளமாகத்தான் பார்த்தது. அவன் ஒருவனுக்குத்தான் அது தன் வீட்டுக் கம்பளம். சுருட்டு ஓட்டையைப் பார்த்தான். நிமிர்ந்து ஹிஸ்கேயைப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

"நான் பார்த்து நல்லதுன்னு சொன்ன பனிக்கு நீ கம்பளம் போடறியா? ஊர் முன்னாடியா?"

"சிப்கே, ஏறி வா. சத்தம் கேக்குதா, சொட்டுது பாரு."

"என் பெண்டாட்டி பயந்தா நான் நடக்கணுமா!"

நாணல் கட்டைத் தாண்டி ஒரே வீச்சில் போனான். இறக்கைக்கு நேர் அடியில் புகுந்து, அந்தப் பக்கம் போய் நின்று, திரும்பி இரண்டு கையையும் விரித்து நாடகக்காரன் மாதிரி குனிந்து வணங்கினான். "பாத்தீங்களா? கல்லு மாதிரி இருக்கு!"

பிள்ளைகள் சிரித்தார்கள். கம்பளத்தில் ஏறியிருந்தவர்கள் இறங்கினார்கள். மணியக்காரரே போய்விட்டாரே! ஒருத்தன் கட்டைத் தாண்டினான், பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர்.

ஹிஸ்கே கால்வாயில் இறங்கினாள்.

ஏழு வயதுக்குப் பிறகு முதல் தடவை. ரப்பர் பூட்ஸோடு, வழுக்கி, ஒரு முட்டியில் விழுந்து எழுந்து, இறக்கைக்கு நேர் கீழே ஓடிப்போய்க் கையை விரித்து நின்றாள். முதலில் வந்த சிறுமியை நெஞ்சில் கைவைத்துப் பின்னால் தள்ளினாள். "போ! கம்பளத்துக்குப் போ!" என்று அவள் அலறிய குரலில் அந்தப் பிள்ளை அழுதுகொண்டே திரும்பியது.

"கீழ ஒண்ணும் இல்ல! மேல பாருங்க!"

எல்லாரும் மேலே பார்த்தார்கள். சிப்கேயும் பார்த்தான். வெள்ளைக்கும் இறக்கைக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு மேலிருந்து கீழே ஓடியிருந்தது.

பிள்ளைகள் கரைக்குப் பறந்தார்கள். ஹிஸ்கே மட்டும் அங்கேயே நின்றாள். வரமாட்டேன் என்று நிற்கவில்லை. கால் வரவில்லை. தான் எங்கே நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது போலிருக்கிறது. குனிந்து காலுக்கடியில் இருந்த பனியையே பார்த்துக்கொண்டு, உதடு வெளுத்து நின்றாள்.

"ஹிஸ்கே! வாடி! வந்துடு!" நான்தான் கத்தினேன்.

சிப்கே வந்தான். அவன் அவ்வளவு வேகமாகச் சறுக்கி நான் பார்த்ததில்லை, வாலிபத்தில்கூட. சின்னப் பிள்ளைகள் சறுக்கப் பழகும்போது சமையலறை நாற்காலியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவார்களே, அப்படி அவளைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து, விறைத்த உடம்போடு அப்படியே தள்ளிக்கொண்டு வந்து நாணலுக்குள் விழுந்தான்.

பின்னால் விழுந்தது. எனக்கு முதலில் காதில் எதுவும் கேட்கவில்லை, காலில்தான் அதிர்ந்தது. ஒரு கதவு அகலத்துக்குப் பாளம் பாளமாக வந்து, லாரி ஓட்டலாம் என்று அவன் சொன்ன பனியைக் குத்திக்கொண்டு உள்ளே போனது. கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது. கரை வரைக்கும் விரிசல் ஓடியது. அவள் நின்ற இடம் இல்லை.

சிப்கே அந்த ஓட்டையைப் பார்த்தபடி நாணலில் உட்கார்ந்திருந்தான். பிள்ளைகளை எண்ணினான், மறுபடி எண்ணினான். யாருக்கும் ஒன்றுமில்லை. ஹிஸ்கேயின் கழுத்துத் துண்டைப் பிடித்த கையை அவன் விடவில்லை. "பனியைத் தெரிஞ்சவன்" என்றான் ஒரு தடவை. அழுதான்.

பிறகு கூட்டம் போட்டோம். அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், புது விதி எழுதினார்கள். கால்வாய் உறைந்தால் காற்றாலை நிற்க வேண்டும். பனி உருகி முடியும் வரை நிற்க வேண்டும். காற்றாலையைச் சுற்றிக் கம்பளப் பாதை போடுவது சங்கத்தின் பொறுப்பு. மின்சாரத்துக்கு நல்ல விலை கிடைப்பதே அந்தக் குளிர் நாட்களில்தான். சூடாக்கும் ஏற்பாட்டை இப்போது மாட்டினால் இன்னும் மோசம். ஹிஸ்கே எழுந்து கணக்கைச் சொன்னாள். அவள் குரல் நடுங்கவே இல்லை.

"குளிர் சீக்கிரம் போயிட்டா நம்ம கணக்கு நிக்கும். இந்த வருஷம் மாதிரி இன்னொரு வருஷம் உறைஞ்சா, காற்றாலையை வித்துடணும்."

ஃபோல்கர்ட்தான் மெதுவாகக் கேட்டார். "அப்ப நாம இனிமே பனி வரணும்னு வேண்டிக்கணுமா, வரக்கூடாதுன்னு வேண்டிக்கணுமா?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அடுத்த மார்கழியில் ஒரு காலை நான் பாலுக்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஹால் தரை வெறுமையாகக் கிடந்தது. சிவப்புக் கம்பளம் சுருட்டியபடி கதவோரம் நின்றது. அவள் அதைத் திரும்ப விரிக்கவே இல்லை. ஹிஸ்கே மேசையில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். சிப்கே ஜன்னலருகே நின்று வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுண்டவில்லை. தொடக்கூட இல்லை.

"ஹிஸ்கே, பூஜ்யத்துக்குக் கீழ போயிடுச்சு. வந்து பாரேன்" என்றான்.

அந்தக் குரல் எனக்குப் பழக்கம். ஏழு வயதிலிருந்து ஹிஸ்கேயின் வாயில் கேட்டுக்கொண்டிருக்கிற பயந்த குரல். ஆனால் அது என் அண்ணன் வாயிலிருந்து வந்தது.

அவள் போய்ப் பார்க்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கதவோரம் போய்க் கம்பளத்தின் ஒரு முனையைத் தூக்கினாள். "அந்தப் பக்கம் பிடி, கரைக்குக் கொண்டுபோய் வைப்போம்" என்றாள். சிப்கே பிடித்தான்.